என்னுடையது இல்லை

லோண்டியானி மேட்டில் விடியற்காலையில் புல்மேல் பனி உறைந்து கிடக்கும். செருப்பில்லாத காலுக்கு அது கண்ணாடித்தூள். மரத்துப்போன பாதங்களோடு பண்ணைத் தொழுவத்துக்குள் நுழைந்ததும், பசு அப்போதுதான் போட்ட சாணியில் காலை வைத்துக்கொண்டு நிற்போம். சூடு கணுக்கால் வரை ஏறும். கடவுள் ஏழைக்கு வைத்த அடுப்பு என்று அதை, என்னோடு கறக்கும் மோசோனிக் சொல்வான்.

முக்காலியைப் போட்டுப் பசுவின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தால், வானம் வெளுக்கும்வரை எழ முடியாது. பனியில் வெடித்த விரல்கள் காம்பைப் பிடிக்கும்போது எரியும். வாளியில் முதல் பீச்சல் தகரச் சத்தமாக விழும். வாளி நிறைய நிறையச் சத்தம் தடித்துக்கொண்டே போகும். நிறைந்த கேனைத் தோளில் ஏற்றி வண்டிக்குக் கொண்டுபோவோம். வண்டி ரயிலடிக்குப் போகும். பலகைக் கொட்டகையில் பூட்டிக் கிடக்கும் கன்றுகள் அவ்வளவு நேரமும் கதறிக்கொண்டே இருக்கும்.

எங்கள் கிப்சிகிஸ் இனத்து வீடுகளில் கன்று ஊட்டாமல் யாரும் மாடு கறப்பதில்லை. கன்று முட்டிக் குடித்துத் தாய் சுரந்த பிறகுதான் மனிதன் குடுவையை ஏந்துவான். நாங்கள் வேலை செய்யும் வெள்ளைக்கார ஹால்டன் துரையின் பண்ணையில் கன்றைப் பிறந்த அன்றே பிரித்துவிடுவார்கள். கொழுப்பு நீக்கிய வெறும் பாலை எங்கள் பெண்கள் வாளியில் கொண்டுபோய், விரலைச் சப்பக் கொடுத்து ஏமாற்றிக் குடிக்கவைக்க வேண்டும். தினமும் இந்தப் பாவத்தைச் செய்கிறோமே என்று நான் சூரியன் எழும்போது கிழக்கே திரும்பி, எங்கள் வழக்கப்படி எச்சில் தெளித்து, ஆசிஸிடம் மன்னிப்புக் கேட்பேன். சூரியனைக் கண்ணாகக் கொண்ட கடவுள் அவர். அவர் பார்க்காதது ஒன்றும் இல்லை.

"என்னடா, மடியத் தடவித் தாலாட்டுப் பாடுறியா? வண்டி நிக்குது!" கங்காணி மிபெய் கத்தினான். அவனும் எங்கள் ஆள்தான். துரை போட்டுக் கழித்த கோட்டை மாட்டிக்கொண்டு, இடுப்பில் கொட்டகைச் சாவி தொங்க நடப்பான்.

"பாட்டு எங்கண்ணே வருது?" என்றான் மோசோனிக். "கூலியக் கொறச்ச அன்னைக்கே தொண்டை அடைச்சிருச்சு."

எங்கள் வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. பால் விலை கடலுக்கு அப்பால் எங்கோ விழுந்ததாம். அதனால் எங்கள் கூலி இங்கே விழுந்திருந்தது. இருந்தும் யாரும் பண்ணையை விட்டுப் போகவில்லை. காரணம் எங்கள் சொந்த மாடுகள். இந்த மேடு முழுவதும் ஒரு காலத்தில் எங்கள் மேய்ச்சல் நிலம். இப்போது துரைக்கு வேலை செய்தால்தான் அதன் ஓரத்தில் குடில் போட்டு நாலு மாடு மேய்க்கலாம்.

அன்று காலை, கறவை முடியும் முன்பே குதிரைச் சத்தம் கேட்டது. துரை இறங்கவில்லை; பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள்.

"என் சிவப்பு மாடு ஒண்ணு காணோம்."

பால் பீச்சும் சத்தம் எல்லா வாளியிலும் ஒரே சமயத்தில் நின்றது.

எங்களுக்குத் துரைமார் போட்ட சட்டம் தெரியும். பண்ணையில் எதைத் தொட்டாலும் திருட்டு: மாடு, சோளக்கதிர், ஒரு வாய்ப் பால், எதுவானாலும். ஒன்று போனால் பத்து எடுக்கலாம். திருடியவனிடம் இல்லாவிட்டால் அவன் வீட்டாரிடம். அங்கும் இல்லாவிட்டால் கூட இருப்பவர்கள் எல்லோரிடமும். ஒருவனிடம் இருக்கும் மாட்டைத் திருட்டு மாடு என்று துரை சந்தேகப்பட்டால் போதும், இல்லையென்று காட்ட வேண்டியது வைத்திருப்பவன் பாடு. எங்கள் மேய்ச்சல் நிலம் போனதற்கு எத்தனை மடங்கு என்று மட்டும் அந்தச் சட்டம் சொல்லவில்லை.

துரை முன்னே போக, போலீஸ்காரர்கள் எங்களைப் பின்னால் ஓட்டிக்கொண்டு குடில்களுக்குப் போனார்கள். மோசோனிக்கின் முள்வேலிக்குள் ஒரு சிவப்புப் பசு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. திமில் உயர்ந்த எங்கள் நாட்டு மாடு. இடது காது நுனி வெட்டியிருந்தது.

துரை சாட்டைக் காம்பால் அந்தக் காதைத் தூக்கிப் பார்த்தார்.

"இந்த இடத்துலதான் என் பண்ணை அடையாளம் இருக்கும். வெட்டி எறிஞ்சிருக்கே."

"அது குல அடையாளம் தொரை. கன்னுல வெட்டினது. காயம் ஆறி எத்தன மழை போச்சு, பாருங்க," என்றான் மோசோனிக்.

"உன் குல அடையாளமா?"

மோசோனிக் பசுவின் முதுகைத் தடவினான். அவன் மாடுகளுக்கு வலது காதில் அல்லவா வெட்டு! அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"இது யாரோட மாடு?"

"எங்கிட்ட நிக்குது."

"யாரோடதுன்னு கேட்டேன்."

மோசோனிக் நிமிர்ந்து துரையின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "என்னோடது இல்ல."

போலீஸ்காரன் ஒருவன் சிரித்துவிட்டான். இத்தனை சுலபமாக ஒப்புக்கொண்ட திருடனை அவன் பார்த்ததில்லை போலும்.

இதை அவர்களுக்கு எப்படி விளக்குவது? எங்களில் யாரும் தன் மாடுகள் எல்லாவற்றையும் ஒரே வேலியில் வைப்பதில்லை. நோய் வந்தாலும் கொள்ளை வந்தாலும் எல்லாம் ஒரே நாளில் போய்விடக்கூடாது என்று, ஒன்றிரண்டைத் தூரத்து நண்பனிடம் விட்டுவைப்போம். பால் அவனுக்கு, மாடு நமக்கு. அப்படி வந்த மாட்டை விளையாட்டுக்குக்கூட 'என்னோடது' என்று சொல்லக்கூடாது. அதைவிடப் பெரிய திருட்டு எங்களிடம் கிடையாது. யாருடையது என்று அந்நியனிடம் சொல்வதும் கூடாது. அது நண்பனைக் காட்டிக் கொடுப்பது. அடுத்த பண்ணையிலிருக்கும் சிகிலாயின் மாடு அது. மோசோனிக்கும் சிகிலாயும் ஒரே பருவச் சடங்கில் ஆண்களானவர்கள். அங்குள்ள துரை, வேலையாள் இத்தனை மாட்டுக்கு மேல் வைத்தால் குடிலைக் கொளுத்தித் துரத்திவிடுவார். பெயரைச் சொன்னால் சிகிலாய் வீடிழப்பான்.

ஒரு பொய் சொல்லியிருந்தால் மோசோனிக் தப்பியிருப்பான். அந்தப் பொய் அவன் வாயில் வரவில்லை.

அவனை வண்டிக் கொட்டகைக்கு இழுத்துப்போய்ச் சக்கரத்தில் குப்புறக் கட்டினார்கள். துரை நீர்யானைத் தோல் சாட்டையை மிபெயிடம் நீட்டினார்.

"நீ அடி. உன் ஆளுதானே? சொல்ற வரைக்கும் அடி."

மிபெய் எங்களைப் பார்த்தான். பிறகு துரையைப் பார்த்தான். கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு அடித்தான்.

அந்த முதுகைப் பற்றிச் சொல்ல எனக்கு நாக் கூசுகிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் அது அடிக்கச் சொன்னவருக்குச் செய்த உபகாரமாகிவிடும். முதலில் தோல் வரிவரியாகத் தடித்தது. பிறகு தடிப்பின்மேல் அடி விழுந்தபோது பிளந்தது. சாட்டை மேலெழும்போதெல்லாம் சக்கரத்தின் ஆரங்களில் ரத்தம் தெறித்தது. மோசோனிக் சக்கரத்தைக் கடித்தான். பல் மரத்தில் இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. "யாரோடது?" என்று துரை ஒவ்வொரு முறையும் நிதானமாகக் கேட்டார். "என்னோடது இல்ல" என்று குரல் வந்தது. பிறகு குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. சாட்டை ஒருமுறை ஆரத்தில் சுற்றித் திரும்பி மிபெயின் கையையும் கிழித்தது. அவன் நிறுத்தப் பார்த்தான். துரை கைத்துப்பாக்கி உறையைத் திறந்தார். மிபெய் மறுபடி அடித்தான்.

கடைசியில் துரை எங்கள் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு மாஜிஸ்ட்ரேட் வர்றார். இவன் ஜெயிலுக்குப் போவான். ஒண்ணுக்குப் பத்து, உங்க எல்லார் பட்டியிலேருந்தும் மாடு எடுப்பேன். குடுக்காதவன் குடிசை எரியும்."

பத்து மாடு போனால் எங்கள் குடில்களில் பிள்ளைகளுக்குப் பால் கிடையாது. மாடு கொடுத்துப் பெண் கேட்கப் போக முடியாது. இந்த மேட்டில் நிற்க எங்களுக்கு வேறு காரணமும் இல்லை.

போலீஸ்காரர்கள் மோசோனிக்கை அவிழ்க்கவில்லை. சிவப்புப் பசுவை ஓட்டிவந்து பங்களா முற்றத்தில் விட்டார்கள். மிபெயைக் காவலுக்கு உட்காரவைத்தார்கள். வெயில் சாயும் நேரத்தில் மோசோனிக்கின் மனைவி தாப்கிகென் ஒரு சுரைக்குடுவை நிறைய வெண்ணெயோடு வந்தாள். நான் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன்.

அவள் அழவில்லை. கணவனின் முதுகில் ஒட்டியிருந்த ஈக்களை இலையால் ஓட்டினாள். நீரால் துடைத்து, விரல் நுனியால் வெண்ணெயைத் தடவினாள். அவன் முனகினான்.

"சும்மா இருய்யா. கடிச்ச சக்கரத்துக்கு நாளைக்கு அந்தத் தொரை பத்துச் சக்கரம் கேப்பான்," என்றாள்.

மோசோனிக்கின் வீங்கிய வாய் கோணியது. அது சிரிப்பு.

மிபெய் ஒரு மூலையில் கிழிந்த கையை மடியில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாப்கிகென் எழுந்து நேராக அவனிடம் போனாள். குடுவையால் மண்டையில் அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"கையக் காட்டு."

"வேணாம் தங்கச்சி."

"காட்டுன்னேன். அது என் புருசன அடிச்ச கைதான். ஆனா ஒன்னையும் ஒருத்தி பெத்துதானே போட்டா? இங்க ஈ மொய்க்குது பாரு. எனக்குப் பாக்கச் சகிக்கல."

மிச்ச வெண்ணெயை அவன் காயத்தில் அப்பினாள். மிபெய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. வாழ்க்கையில் நான் பல பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். மனிதனை உடைப்பதற்கு அந்த ஒரு விரல் வெண்ணெய்க்கு இருந்த வலு எதற்கும் இல்லை.

இருட்டுமுன் சிகிலாய் வந்துவிட்டான். செய்தி அவன் பண்ணையில் பரவியிருந்தது. கட்டிக் கிடந்த மோசோனிக்கைப் பார்த்தான்.

"சொல்லியிருக்க வேண்டியதுதானேடா, மடையா?"

"ஏன், நீயாயிருந்தா சொல்லியிருப்பியா?"

சிகிலாய் நேராகத் துரையின் பங்களாவுக்கு நடந்தான். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். துரை வாசலுக்கு வந்தார், கையில் துப்பாக்கி.

"அந்தச் செவப்புப் பசு என்னோடது தொரை. நாந்தான் அவங்கிட்ட விட்டேன். காது வெட்டு எங்க குலத்தோடது. இதோட அம்மா, அக்கா எல்லாம் எங்கிட்ட இருக்கு, அதே வெட்டோட. வந்து பாருங்க."

"அப்போ நீ திருடிக் குடுத்தே, அவன் ஒளிச்சு வெச்சான். ஒரு திருடன் இல்ல, ரெண்டு திருடன்."

சிகிலாய் பொறுமையாக முற்றத்தின் பக்கம் திரும்பினான். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, மேய்ச்சலிலிருந்து மாட்டை அழைக்கும் நீண்ட குரலில் கூப்பிட்டான்.

"செபிரிர்... ஏ, செபிரிர்..."

செபிரிர் என்றால் எங்கள் பேச்சில் சிவப்பி. முற்றத்தின் அந்தக் கோடியில் பசு தலையைத் தூக்கியது. போலீஸ்காரனைத் தள்ளிக்கொண்டு, மண்ணைக் கிளப்பி ஓடிவந்து, சிகிலாயின் உள்ளங்கையை நக்கியது. பிறகு அவன் கழுத்தில் தாடையை வைத்துக்கொண்டு நின்றது.

எங்களுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. துரைக்கும் வேண்டியிருக்கவில்லை. அவரும் மாடு வளர்ப்பவர்தான். எல்லாம் புரிந்துவிட்டது அவர் முகத்தில் தெரிந்தது. அந்த ஒரு கணம் அவர் மனது இளகும் என்று நான் ஆசிஸை வேண்டினேன்.

துரை படியிறங்கி வந்து, பசுவின் நெற்றியில் துப்பாக்கியை வைத்துச் சுட்டார்.

சிகிலாயின் முகமெல்லாம் சூடாக ரத்தம் அடித்தது. பசு முன்னங்கால் மடங்கி, அவனையும் சேர்த்துச் சாய்த்துக்கொண்டு விழுந்தது. அடியிலிருந்து எழப் பார்த்தவனைத் துப்பாக்கிக் கட்டையால் வாயில் இடித்தார். பற்கள் மண்ணில் உதிர்ந்தன.

"இப்போ கூப்பிடு," என்றார் துரை. "நாளைக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னாடியும் கூப்பிடு. வருதான்னு பார்ப்போம்."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சிகிலாயையும் செபிரிரையும் சுற்றி நாங்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். இறந்த மாட்டின் வயிறு கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருந்தது.

"அவன் கொட்டகைய எரிச்சிரலாம்," என்றான் ஒருவன்.

"அவன் மாடு அத்தனையும் குத்திச் சாய்க்கணும். ஒண்ணுக்குப் பத்து!" என்றான் இன்னொருவன்.

"அந்தக் கணக்கு அவங்க கணக்கு. நமக்கு வேணாம். மாடு என்னடா பாவம் பண்ணுச்சு?" என்று நான் சொன்னேன்.

"அப்போ நாளைக்குக் கறக்காம இருப்போம். யாரும் வாளியத் தொட வேணாம்."

"கறக்கலைன்னா மடி கட்டிப்போகும். வலியில கதறும். நம்ம கண்ணு முன்னாடி அது கதற, நாம கையக் கட்டிக்கிட்டு நிப்போமா?"

இதில்தான் எல்லோரும் சிக்கிக்கொண்டார்கள். துரையை எதிர்க்க எங்களிடம் ஆத்திரம் இருந்தது. மாட்டை வதைக்கத் துணிவு எங்களில் ஒருவனுக்கும் இல்லை. பேச்சு அதற்குமேல் நகரவில்லை.

தாப்கிகென் தன் மேல்துணியால் சிகிலாயின் வாயை ஒத்திக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"நீங்கள்லாம் ஆம்பளைங்கதானே? மாடு மேய்ச்சவனுக்குப் பொறந்தவங்கதானே? கன்னுக கத்துறது ஒருத்தன் காதுலயும் விழலையா?"

"விழுது. அதுக்கு?"

"அவுத்து விடுங்க. பால குடிக்க வேண்டியது குடிக்கட்டும். மடியும் வலிக்காது, கேனும் நெறையாது."

ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு செத்த மாட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பல் போன சிகிலாய்கூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

"எங்க ஆளுங்களையும் கூட்டிட்டு வர்றேன்," என்று குழறினான். "செபிரிர் யாரக் கண்டு ஓடி வந்துச்சுன்னு இங்க அத்தன பேரும் பாத்தீங்க. மாஜிஸ்ட்ரேட்கிட்ட ஒவ்வொருத்தனா சொல்லணும். ஒருத்தனும் பின்வாங்கக் கூடாது."

"கொட்டகைச் சாவி?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட இருக்கு." மிபெய் இருளில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "தெறந்தா நாளைக்கு அந்தச் சக்கரத்துல என்னையக் கட்டுவான்."

தாப்கிகென்தான் சொன்னாள்.

"கட்டட்டும். வீட்டுல இன்னொரு குடுவை வெண்ணெய் இருக்கு."

மறுநாள் விடியலிலும் பனி உறைந்திருந்தது. முக்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஓரமாக வைத்தோம். வாளிகளைக் கழுவிக் கவிழ்த்தோம். மிபெய் வெறும் மேலோடு வந்தான்; கோட்டைக் காணோம். வெண்ணெய் ஊறிய கட்டுப் போட்ட கையால் பூட்டில் சாவியைத் திருப்பினான்.

கன்றுகள் முதலில் வெளியே வரவில்லை. தங்களுக்காகத் திறந்த கதவை அவை பார்த்ததேயில்லை. ஒன்று மூக்கை நீட்டியது. தொழுவத்திலிருந்து ஒரு பசு அடிக்குரலில் கனைத்தது. அவ்வளவுதான், வாலைத் தூக்கிக்கொண்டு எல்லாம் பாய்ந்தன. சில நேராகத் தாயிடம் போய் முட்டின. சிலவற்றுக்குத் தாய் யாரென்று தெரியவில்லை. கிடைத்த மடியில் வாய் வைத்து, உதை வாங்கி, அடுத்ததற்கு ஓடின. ஒரு குட்டிக் கன்று என் விரலைத் தேடி வந்தது. அதை அணைத்துக்கொண்டுபோய்ச் சாதுவான ஒரு பசுவின் காம்பில் வைத்தேன். கன்று சப்பச் சப்ப, பசு கண்ணை மூடிக்கொண்டு சுரந்தது.

துரை பாதி உடுப்போடு ஓடிவந்தார். கவிழ்ந்த வாளிகளையும் காலிக் கேன்களையும் பார்த்தார்.

"என் பாலைத் திருடினது யாரு?"

சாட்டை முதலில் என் மேல் விழுந்தது. கன்னம் பிளந்து காதுவரை எரிந்தது. நான் பசுவின் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் தாப்கிகென் உட்கார்ந்தாள். அவளையும் அடித்தார். அடுத்தவன் உட்கார்ந்தான், அவனுக்கும் விழுந்தது. அடித்துக்கொண்டே வந்தார், நாங்கள் உட்கார்ந்துகொண்டே போனோம். கடைசியில் மிபெயிடம் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. சாட்டையை எறிந்துவிட்டுத் துப்பாக்கியை அவன் நெஞ்சில் வைத்தார்.

"சொல்லு. கதவைத் தெறந்தது யாரு? இது யாரோட பால்?"

மிபெயின் பயத்தை நான் பார்த்தேன். அதை அவன் விழுங்கியதையும் பார்த்தேன்.

"என்னோடது இல்ல தொரை," என்றான் மிபெய். "ஒங்களோடதும் இல்ல."

குண்டு அவன் தோளைப் பிய்த்துக்கொண்டு பலகையில் பாய்ந்தது. அவன் எங்கள் மேல் சரிந்தான். பத்துப் பதினைந்து கைகள் அவனைத் தாங்கின. தாப்கிகென் தன் துணியைக் கிழித்துக் காயத்தில் அழுத்தினாள். துரை மறுபடி குறி பார்த்தார். அப்போதுதான் மேட்டின்மேல் ஆட்கள் தெரிந்தார்கள். சிகிலாய் முன்னே வர, அடுத்த பண்ணையின் கறவைக்காரர்கள், பெண்கள், அதற்கும் அப்பாலுள்ள பண்ணைகளின் ஆட்கள். கையில் ஆயுதம் இல்லை. மாடு ஓட்டும் குச்சிகள் மட்டும். வந்து எங்களோடு தொழுவத்தில் உட்கார்ந்தார்கள். துரையின் துப்பாக்கி யாரைக் குறிவைப்பது என்று தெரியாமல் அங்குமிங்கும் அலைந்தது.

பள்ளத்துச் சாலையில் மாஜிஸ்ட்ரேட்டின் மோட்டார் புழுதி கிளப்பிக்கொண்டு ஏறி வந்தது. அவர் எப்படிப்பட்ட மனிதரோ எங்களுக்குத் தெரியாது. அவர் கையில் இருப்பது அதே சட்டம் என்பது மட்டும் தெரியும்.

வண்டிக் கொட்டகையிலிருந்து மோசோனிக்கின் கரகரத்த குரல் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது.

"என்ன சோய், சத்தத்தையே காணோம்? கன்னுக எங்க போச்சு?"

"குடிக்குதுடா," என்று ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கத்தினேன்.

பிறகு அவன் பாட ஆரம்பித்தான். மாடு கறக்கும்போது பாடும் பாட்டு. கூலி குறைந்த நாளிலிருந்து அவன் பாடாதது. எங்களில் ஒருவர் எடுத்துக்கொண்டார், பிறகு இன்னொருவர். மோட்டார் வாசலில் வந்து நின்றபோது தொழுவம் முழுக்கப் பாடிக்கொண்டிருந்தது. நான் கிழக்கே திரும்பினேன். ஆசிஸின் கண் பனிக்குமேல் முழுதாகத் திறந்திருந்தது.

ஒருவரும் எழவில்லை.